பதினாலு சாவி

மகாளய அமாவாசை தாண்டினால் போதும்,
லாட்ஜ் கரைய ஆரம்பிக்கும்.
ஏழாம் நம்பர் அறைக்காரர்
ஸ்டென்ட் வைத்த நெஞ்சில் ஒரு கை வைத்துக்கொண்டு
மறு கையால் சாவியை நீட்டினார்.
"பூஜோ," என்றார். அவ்வளவுதான் விளக்கம்.
அவரோடு காட்பாடியில் ரயிலேறிப் போய்விட்டது
என் அக்டோபர்.

பாபு ராவ் தெருவில்
பலகைகள் மட்டும் வங்காளம் பேசிக்கொண்டிருக்கின்றன.
ரோகு மீன் விற்பவர்
பாதி விலையைத் தமிழில் கூவிப் பார்க்கிறார்.

பதினொரு சாவி ஆணியில்.
ஆணிக்கு நாளொன்றுக்கு அறுநூற்றைம்பது நஷ்டம்.
ஸ்டவ் வாடகை நாற்பது, பாத்திர செட் இருபது,
அதுவும் போச்சு.
சரியாக இப்போதுதான் தீபாவளி வரும்.
நாட்காட்டி அச்சடித்தவனுக்கு லாட்ஜ் கிடையாது.

"போனஸ் சட்டமெல்லாம் இருபது பேர் இருந்தால்தான் மேடம்,
உங்களுக்குக் கட்டாயமில்லை" என்றார் ஆடிட்டர்.
சட்டம் என்னை விட்டுவிட்டது.
முனிரத்தினம் விடவில்லை.
எதுவும் கேட்கவில்லை அவர்;
ஆளில்லாத அறையில்
நேற்று துடைத்த குழாயை
இன்றும் துடைக்கிறார், கதவைத் திறந்து வைத்தபடி.

நோட்டின் கடைசிப் பக்கம், பென்சிலில்:
முனிரத்தினம் பதினொன்று.
கஜா பத்து
(கவுண்டரில் நின்றே வங்காளம் கற்றவள்,
டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும்
மொழிபெயர்க்கத் தெரிந்தவள்).
நூருல்லா, இரவுக் காவல், ஒன்பது.
செலின், போர்வை துவைப்பவள், எட்டு.
ஆக முப்பத்தெட்டாயிரம்.
கையில் இருபத்தோராயிரத்து நானூறு.
கரண்டு பில் ஏழாயிரத்து இருநூறு போக
மீதியை நான் சொல்லமாட்டேன்,
கூட்டிக்கழித்துப் பாருங்கள்.
வளையல் ஏற்கெனவே லாங் பஜாரில் தூங்குகிறது.

ராத்திரி ஒரு யோசனை வந்தது.
நாலு பேருக்கு மூன்று பண்டிகை இருக்கிறதே!
செலினுக்கு டிசம்பர், நூருல்லாவுக்கு ரம்ஜான்.
என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே தூங்கினேன்.

காலையில் செலின் ஈரக் கையோடு நின்றாள்.
"கர்த்தர் பொறக்கறது டிசம்பர்லதாம்மா.
பாலிடெக்னிக் பீஸ் இப்பவே பொறந்துடுச்சே."
நூருல்லா "ரம்ஜானுக்கே வாங்கிக்கறேம்மா" என்றார்,
அவ்வளவு சீக்கிரமாக அவர் சொல்லியிருக்க வேண்டாம்.
எனக்கு முகம் கழுவ வேண்டும்போல் இருந்தது.

கஜாதான் பழைய ரிஜிஸ்டரை எடுத்தாள்.
மறுபரிசோதனைக்கு வர வேண்டியவர்கள்,
நவம்பர் தேதி போட்டவர்கள்.
ஒன்பது நாள் வாடகைக்குப் பத்து நாள்,
முன்பணம் இரண்டாயிரம் இன்றே அனுப்பினால்.
மால்டா, பர்த்வான், அசன்சோல்;
பின்னால் தாக்கு மேளம் கேட்க
ஒவ்வொருவரிடமும் சொன்னாள்:
"ரூம் ஆச்சே தாதா, ரூம் ஆச்சே."
அவர்கள் மொழியில் அது 'இருக்கிறது'.
என் காதில் விழுந்ததோ
பண்டிகைக்கு முன்பே தீர்ந்துபோன ஏதோ ஒன்று.

முப்பத்திரண்டு அழைப்பு. ஐந்து பேர் அனுப்பினார்கள்.
போன் டிங் என்று சத்தம் போட்டபோதெல்லாம்
முனிரத்தினம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பத்தாயிரம். நவம்பரிலிருந்து கடன் வாங்கிய பத்தாயிரம்;
நவம்பரின் போர்வைகளை, தண்ணீர் லாரியை
எதை வைத்துச் சமாளிப்பேன் என்று
அந்தப் பக்கத்தில் எழுதவில்லை.
செலினுக்கு எட்டு, எண்ணிப் பார்த்தாள்.
முனிரத்தினத்துக்குப் பதினொன்று, எண்ணவில்லை.
கஜா ஐந்து எடுத்துக்கொண்டு
"பாக்கிய காளி பூஜை முடிஞ்சு கொடுங்க" என்றாள்,
வங்காளியாகவே ஆகிவிட்டாள்.

இருநூறு மிஞ்சியது.
புது உறையில் போட்டு,
மேலே பேனாவால், பென்சிலால் அல்ல,
'நூருல்லா. பாக்கி 8,800' என்று எழுதி
இரவு பத்து மணிக்கு நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.
இருநூறை எடுத்துக்கொண்டு
உறையை என்னிடமே திருப்பித் தந்தார்.
"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா,
எங்கிட்ட இருந்தா தொலைஞ்சிடும்."

ஏழாம் நம்பர் சாவியின் ஆணியில்
குத்தி வைத்திருக்கிறேன்.