எட்டரை

ஒரு நாளைக்கு எத்தனை பேனல் ஏறும் என்று கேட்டார் ஷிர்கே.
புதன்கிழமைக்குள் ஓர் எண் வேண்டும், ஒரே எண்.
லோயர் பரேல், முப்பத்தொரு மாடி.
மேற்கு முகத்துக்கு மட்டும் அறுநூற்று இருபது பேனல்.
ஜூன் பத்துக்குள் மூடிவிட வேண்டும்,
அதற்குப் பிறகு கடல்
யார் அட்டவணையையும் வாசிப்பதில்லை.

கம்பெனிக் கையேடு பதினான்கு என்கிறது.
அந்தப் பதினான்கும்
காற்றில்லாத ஊரில், தாளில் மாட்டியவை.

வெள்ளைத் தொப்பி, ஸ்டாப்வாட்ச், எழுதும் அட்டை.
பத்தொன்பதாம் மாடியில் ஒரு நாள் முழுக்க நின்றேன்.
பதினொன்று மாட்டினார்கள்.
டீ கூட நின்றபடியே குடித்தார்கள்.
அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும் எனக்கு.

அடுத்த மூன்று நாள் தொப்பியைக் கழற்றிவிட்டு
ரயில் நிலைய நடைபாலத்தில் நின்று எண்ணினேன்
சுண்டல் விற்கிறவர் பக்கத்தில்.
ஆறு. ஏழு. ஏழு.

காலை ஒன்பதரை வரை லிஃப்டில் சிமெண்ட் மூட்டை ஏறும்,
கண்ணாடி கீழே வெயிலில் காத்துக் கிடக்கும்.
ஸ்லாப் ஓரத்தில் பிராக்கெட் பதினெட்டு மில்லி உள்ளே போயிருக்கும்,
போட்டவன் இப்போது தாணேயில் வேறு கட்டடத்தில்.
மூன்று மணிக்குக் காற்று.
கயிற்றில் தொங்கும் பேனல்
வர மாட்டேன் என்று முகம் திருப்பும்.
கிரேனைக் கட்டிவிட்டு
எல்லோரும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள்.

தில்ஷாத் கண்டுபிடித்துவிட்டான்.
"பாலத்தில் நின்றது நீங்கள்தானே மேடம்?
நேற்று கழற்றினோமே, மூலை உடைந்த ஒன்று,
அதையும் எண்ணினீர்களா?"
இல்லை.
மாட்டி, கழற்றி, அதே இடத்தில் வேறொன்றை மாட்டி.
உங்கள் தாளுக்கு ஏழு, என் தோளுக்கு ஒன்பது.
இந்தியில் அவன் சொன்னபோது எதுகை இல்லை,
அது என் வேலை.

பேனல் உட்கார்ந்ததும் ஒரு 'டொக்'.
அந்தப் பக்கத்து ரயில் சத்தம் பாதியில் அறுந்துபோகும்.
அதற்குப் பத்தி எதுவும் இல்லை என் எக்செல்லில்.

ஏழு என்று எழுதிக் கொடுத்தேன்.
"ஏழா?"
ஷிர்கே கால்குலேட்டரை எடுத்தார்.
ஏழென்றால் எண்பத்தொன்பது நாள். கையில் இருப்பது எழுபத்தைந்து.
பழகப் பழகக் கை வேகம் பிடிக்கும், இல்லையா?
பிடிக்கும், நாலைந்து மாடிக்குப் பிறகு.
பிறகு மூலைப் பேனல் வரும், என்றேன்.
அதற்குள் அடித்து முடித்திருந்தார்:
எட்டரை.
எழுபத்து மூன்று நாள். இரண்டு நாள் மிச்சம் வேறு.

தேதியிலிருந்து எண் வந்தது,
கையிலிருந்து வரவில்லை.
கீழே என் கையெழுத்து,
தயாரித்தவர் என்ற இடத்தில்.

அரைப் பேனலை யார் மாட்டுவார்கள்,
ராத்திரி அது எதில் தொங்கும் என்று கேட்க நினைத்தேன்.
சராசரி என்றால் அப்படித்தான் என்பார்.
கேட்கவில்லை.

ஏப்ரல் மூன்றாம் வாரம். ஏழே முக்கால் ஸ்லோ வண்டி,
கதவோரம் நிற்க இடம் கிடைத்தது.
இருபத்திரண்டாம் மாடியில் ஃபோகஸ் லைட்,
இரண்டு தொப்பிகள்,
நடுவில் ஒரு கண்ணாடி
பாதி உள்ளே பாதி வெளியே
நகரத்தின் விளக்கையெல்லாம் சாய்த்துக் காட்டிக்கொண்டு.

உட்கார்ந்ததா என்று பார்ப்பதற்குள்
வண்டி எடுத்துவிட்டார்கள்.