பத்துக்கு எத்தனை

எல்ஸ்மியர் தெரு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
வெளியே மார்ச் மாதத்துப் பனி
கழுவாத பானைபோல் அடி கறுத்துக் கிடக்கிறது.
என் வேலை, சொன்னதைச் சொல்வது.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
மணிக்கு இருபத்தெட்டு டொலர்.

கட்டிலில் யோகச்சந்திரன், ஐம்பத்தேழு வயது,
இராத்திரியில் ஸ்காபரோவின் பனி வழிக்கிற லொறிக்காரர்.
எங்கே வலி என்று டொக்டர் கேட்கிறார்.
'நெஞ்சுக்குள்ள.'
நெஞ்சென்றால் எலும்புக்கூடா, இதயமா?
டொக்டருக்கு ஏதாவது ஒன்று வேண்டும்.
எங்களுக்கோ அது ஒரே அறை,
கட்டிலும் அடுப்பும் ஒன்றாய்க் கிடக்கிற
பேஸ்மென்ட் வீடு மாதிரி.
மார்பு என்று ஆங்கிலத்தில் சொன்னேன்,
பாதியைக் கீழே போட்டுவிட்டு.

எப்படி இருக்கிறது?
'விடியக்காலமை ஸ்டார்ட் வராத வான் மாதிரி.
உறுமும். நிக்கும். திரும்ப உறுமும்.'
பத்துக்கு எத்தனை?
'ஈரச் சாக்கொண்டை ஆரோ மேல போட்ட மாதிரி.'
பத்துக்கு?
'டெலிபோன் அடிச்சு, எடுக்கப் போக நிண்டிடுமே,
அதுக்குப் பிறகு வீட்டுக்குள்ள ஒரு
சத்தமில்லாமை இருக்கும் பாருங்கோ தங்கச்சி,
அது மாதிரி.'

எல்லாவற்றையும் சொன்னேன்.
வானை, சாக்கை, நின்றுபோன மணியை.
ஆறு
என்று டொக்டர் எழுதிக்கொண்டார்.

பிறகு திரையில் வந்தது அது.
சாம்பல் நிறம்.
கண் திறக்காத நாய்க்குட்டி பால் தேடுவதுபோல
முட்டி முட்டி.
டொக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார்:
'இது ஒரு கதவு. முழுதாய்ச் சாத்தவில்லை.
போன இரத்தம் திரும்பி வருகிறது.'
யோகச்சந்திரன் உவமையோடு நின்றிருந்தார்.
இவர் 'போல'கூடப் போடாமல்
நேரே உருவகத்துக்குள் நுழைந்துவிட்டார்.

'கதவெண்டால் பிணைச்சலைப் பாக்கச் சொல்லுங்கோ.
குளிருக்கு மரம் சுருங்கியிருக்கும்.'
சொன்னேன்.
டொக்டர் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்.

சட்டைப் பொத்தானைப் போட்டபடியே
யோகச்சந்திரன் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.
'கல்கரியில மகள் இருக்கிறாள்.
கதைச்சு ரெண்டு வரியமாச்சு.
இதை அவளுக்குச் சொல்லவேணுமோ?
நானா எடுத்தால், எடுப்பாளோ?'

அறைக்குள் பேசிய ஒவ்வொரு சொல்லையும்
மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது விதி.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
டொக்டர் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார்,
என்ன சொல்கிறார்?

கதவைப் பற்றித்தான் கேட்கிறார், என்றேன்.