பென்சிலில் வரைந்தது

சதுரம் ஆண். வட்டம் பெண்.
குறுக்கே சாய்கோடு விழுந்தால் இறந்தவர்.
உள்ளே கருப்படித்தால் நோய் கண்டவர்.
முதல் வாரப் பாடம் இவ்வளவுதான்.
இரவுப் பணி முடித்து, காலுறைகூடக் கழற்றாமல்,
திரைக்கு முன் உட்கார்ந்து படித்தேன்
நாற்பத்தாறு வயதில்.

இப்போது நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில்
பார்டி வீட்டுச் சமையலறை.
அலை அட்டவணையின் பின்பக்கத்தில்
கொடிவழி வரைகிறேன்.
மருத்துவமனைப் படிவத்தில் மூன்று தலைமுறைக்குத்தான் இடம்.
இந்தக் கரையில் மூன்று தலைமுறை
ஒரு சாப்பாட்டு மேசைக்கே காணாது.

சைலஸ், முப்பத்தெட்டு, பனி அள்ளும்போது.
எல்டன், நாற்பத்தொன்று, ஹாக்கித் திடலில்,
ஒரு கையுறையைக் கழற்றியபடி.
லியாண்டர், முப்பத்தொன்பது,
படகைத் துறையில் கட்டிவிட்டு
கட்டிய முடிச்சின் மேலேயே சாய்ந்து.
சாய்கோடு, சாய்கோடு, சாய்கோடு.
காகிதத்தில் மழை பிடித்துக்கொண்டது.

பார்டி நெஞ்சு என்றுதான் ஊரில் சொல்லிவந்தோம்.
இப்போது அதற்கு ஒரு பெயர் உண்டு,
ஓர் எழுத்து மாறிப்போன இடம் உண்டு,
தோலுக்கடியில் வைத்துத் தைக்க
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவி உண்டு.
தடுமாறும் இதயத்தை அது உதைத்து நிமிர்த்தும்.
குதிரை உதைத்த மாதிரி, என்றான் ஒருவன்.
உயிரோடு இருந்து சொன்னான்.

மெல்வினா தேநீரில் டப்பாப் பால் ஊற்றுகிறாள்.
வெளியே கெர்வின், பத்தொன்பது வயது,
விறகு பிளக்கிறான்.
ஒவ்வொரு அடிக்கும் அவள் கண்
ஜன்னல்வரை போய்த் திரும்புகிறது.
பயம் என்று எண்ணிக்கொண்டேன்.

"வெர்னா, லியாண்டரிலிருந்து இவனுக்கு
இறங்குகிற கோடு இருக்கிறதே,
அதை அழித்துவிடு."

பென்சில் நின்றது.

"ஊசியெல்லாம் இவனுக்கு வேண்டாம்.
இதற்கு மேல் கேட்காதே."

கோடரி விழுந்தது. மறுபடி விழுந்தது.
அந்தச் சத்தம் கேட்கும்வரை
நம் பேச்சு அவனுக்குக் கேட்காது.
அதற்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரே அவன் நெஞ்சைப் பார்த்துப்
பெருமூச்சு விட்ட வருடங்களில்
இவள் ஒருத்தி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்,
தூங்கியதற்காகக் காலையில் வெட்கப்பட்டு.

பாடத்தில் இதற்கும் கேள்வி இருந்தது.
நான்கு விடை, ஒன்றைக் குறிக்க வேண்டும்.
சரியாகத்தான் குறித்தேன்.
அந்த நான்கிலும் விறகு வாசனை இல்லை.

ஜூனில் அவனே வந்தான்.
வயது வந்தவன், கேட்கிறான், கை அவனுடையது.
உரியதையெல்லாம் சொல்லிவிட்டு எடுத்தேன்.
நல்ல நரம்பு, முதல் குத்திலேயே கிடைத்தது.
வாசலில் காரை அணைக்காமல்
உட்கார்ந்திருந்தாள் மெல்வினா.
இரண்டு பேரும் கையசைக்கவில்லை.

ஏழாவது வாரம் தாள் வந்தது: இல்லை.
பாதிக்குப் பாதி வாய்ப்பு,
காசு நல்ல பக்கம் விழுந்தது என்று
அவனே சொல்லிக்கொள்ளலாம்.
அதற்கு மேல் அந்தத் தாளுக்கும் தெரியாது.

சிரிப்பான் என்று காத்திருந்தேன்.
அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்,
அங்கே இன்னும் ஏதாவது எழுதியிருக்குமோ என்று.
"அப்போ அப்பாவுடையது
எனக்கு எதுவுமே வரலையா?"

கற்றுக்கொண்ட வாக்கியங்கள் எல்லாம்
நாக்கில் வரிசை கட்டி நின்றன.
ஒன்றும் இறங்கவில்லை.
"ஓர் எழுத்தைத்தான் தேடினோம்," என்றேன் கடைசியில்.
"மற்றதை யாரும் பார்க்கவில்லை."

அவன் துறைக்கு இறங்கிப் போனான்.
ஜன்னலிலிருந்து தெரிந்தது:
தளர்ந்துபோன படகுக் கயிற்றை அவிழ்த்து
இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, கீழாக ஓர் இழுப்பு.
லியாண்டர் இடக்கைக்காரன்.
கெர்வினுக்கு வலக்கைதான் பழக்கம்,
முடிச்சு மட்டும் இடக்கை முடிச்சு.
ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று கதவுவரை போனேன்.
சொல்லவில்லை.

அட்டவணை இன்னும் என் பையில் இருக்கிறது.
அந்தக் கோட்டை அழிக்கவும் இல்லை,
மை போடவும் இல்லை.
எல்டன் மகள் வீட்டுக்கு இன்று போக வேண்டும்,
அவளுக்கு ஏழு மாதம்.
காகிதத்தைத் திருப்பினேன்:
உயர் அலை நான்கு இருபதுக்கு.
கரைச்சாலை அதற்குள் முழுகிவிடும்.