மெஸ் நோட்டு

நாலாவது மாதமும் சம்பளம் இல்லை என்று
யாரும் வந்து சொல்லவில்லை.
கம்பெனி பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.
சல்மாபாத் கராஜ்களின் சத்தத்தில்
எங்கள் சத்தம் மட்டும் குறைந்திருந்தது.

அன்றிரவு ஏழு பேரும் கட்டிலை விட்டிறங்கி
நோட்டில் புதுப் பக்கம் திருப்பினோம்.
கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறதென்று
கணக்கு என் பொறுப்பு.

கோழி, வெள்ளிக்கிழமை மட்டும் என்று எழுதி
அடுத்த வெள்ளி வருமுன் அதையும் அடித்தேன்.
ஏசி, இரவு பத்திலிருந்து இரண்டு வரை.
அதற்குமேல் அவரவர் வேர்வை அவரவருக்கு.
குளிக்கும் சோப்பை நூல் போட்டு நாலாக அறுத்தான் சொரிமுத்து,
கேக் வெட்டுகிற கவனத்தோடு.
அதே தேயிலையை மூன்றாம் முறை கொதிக்க வைத்தபோது
யாதகிரி தெலுங்கில் ஏதோ திட்டினான்.
திட்டிவிட்டுக் குடித்தான்.

நெட் கார்டு ஒரே போனுக்கு.
ஆளுக்குப் பத்து நிமிஷம்.
ஒருவன் பேச ஆறு பேர் கேட்காத மாதிரி இருப்போம்.
"ஓவர்டைம் ஓடுது, அதான் பேச முடியல."
ஒரே பொய்யை மூன்று பாஷையில்
ஏழு வீட்டுக்கும் அனுப்பினோம்.

கோல்ட் ஸ்டோர் குஞ்ஞப்துல்லா
கடனை நிறுத்தவில்லை.
பகலில் வராதே, கடை சாத்தும் நேரத்துக்கு வா என்றார்.
முதலில் உறைத்தது.
போனால், அடிபட்ட தக்காளியெல்லாம்
ஒரு பையில் தனியாக எடுத்து வைத்திருந்தார்.
மற்றவர்கள் முன்னால் தரக்கூடாதென்று
பதினொரு மணி வரை காத்திருந்திருக்கிறார் மனுஷன்.
தக்காளிக்கு நோட்டில் விலை எழுதவில்லை. அவரும் எழுதவில்லை.

நோட்டில் இல்லாதது இன்னொன்றும் உண்டு.
சோப்புத்தூள் டப்பாவின் அடியில்
பிளாஸ்டிக் உறை சுற்றிய இருபது தினார்.
என்னுடையது.
"ஆளுக்கு ஒன்று போட்டால் எண்ணெய் வாங்கலாம்" என்று
நானே கேட்டு
நானே கையை விரித்த இரவுகள் மூன்று.
துவைக்கும்போது தூளை
மேலோடு மேலாக அள்ளினேன்.

ஷஃபிக்குலுக்குக் கடைவாய்ப் பல்.
கிராம்பு வைத்தான், உப்புத் தண்ணீர் கொப்பளித்தான்.
மூன்றாம் நாள் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது.
நாங்கள் தூங்கவேண்டுமென்று
துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கிடந்தான்.
முனகியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.
அந்த அடக்கம்தான் தூங்கவிடவில்லை.

எழுந்து, பழைய பேப்பர் விரித்து
டப்பாவைக் கவிழ்த்தேன்.
தூள் பறந்தது.
இருட்டில் ஒவ்வொருவராகத் தும்மினார்கள்.
லைட்டைப் போட்டது யாரென்று தெரியவில்லை.

ஏதுடா இது என்று ஒருத்தனும் கேட்கவில்லை.
இத்ரீஸ் வாங்கி எண்ணினான்.
நோட்டை என் தலைமாட்டிலிருந்து எடுத்து
அவனுடைய கோணல் எழுத்தில்
'வரவு 20' என்று போட்டான்.
பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு இழுத்தான்.

கிளினிக்குக்குப் பன்னிரண்டு, மருந்துக்கு மூன்றரை.
மிச்சத்தில் அரிசி, எண்ணெய், ஒரு தட்டு முட்டை.

மறுநாள் சாயங்காலம் மாசிலாமணி
பெட்டியின் உள்துணியைப் பிளேடால் பிரித்து
ஐந்து தினாரும் ஒரு மீன் டின்னும் எடுத்து வைத்தான்.
"டின்னு எதுக்குடா?" என்றான் சொரிமுத்து.
"தெரியல. பயம்."
சிரித்து முடிக்க நேரமாயிற்று.
ஷஃபிக்குல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கடைசிக் கட்டில் கங்காதரன் மட்டும்
சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தான்.
அவனிடமும் ஏதோ இருக்கும்.
இருக்கட்டும்.
நாளைக்கு எடுக்க
யாரிடமாவது ஏதாவது இருக்கவேண்டும்.

சிந்திய தூளைக் கொட்டிவிடவில்லை.
மண்ணோடு கூட்டி அள்ளி
ஏழு பேர் சட்டையையும் ஒரே வாளியில் ஊறவைத்தோம்.
நுரை, வாளி கொள்ளாமல் வந்தது.