பதினாறு கரண்டிகள்

ஆறில்லாத ஊரில்
நீர்ச்சுழலியின் வரலாற்றைப் பாடமாக்கினோம்,
நானும் ஜெயவதனியும்,
கொக்குவிலில், ஜாம் போத்தல் விளக்கின் கீழே.
தொண்ணூற்று மூன்று.
கரண்ட் போய் மூன்றாம் வருசம்.

முதலில் தட்டைப் பலகைச் சில்லு.
ஆறு வந்து மோதும், சில்லு நகரும்,
பாதித் தண்ணீர் சிதறி வீணாகும்.
பிறகு பிரான்சில் சில்லைப் படுக்கப்போட்டு
இரும்புக்குள் மூடினார்கள்:
நடுவிலிருந்து வெளியே பாய்ந்தது நீர்.
அமெரிக்காவில் அதையே திருப்பி
வெளியிலிருந்து நடுவுக்கு வரவழைத்தார்கள்.
"உள்ள போனா என்ன, வெளிய வந்தா என்ன,
சுத்தினாச் சரிதானே" என்றாள் வதனி.
கேள்வித்தாளில் அந்தப் பதிலுக்குப் புள்ளி இல்லை.

கடைசிப் பாடம், தாழ்ந்த வீழ்ச்சிக்கு:
கப்பல் விசிறி மாதிரி ஒன்று,
நீருக்கு ஏற்ப இதழ்களைத் திருப்பிக்கொள்ளும்.
அதற்கும் ஓர் ஆறு வேண்டும்.
எங்கள் வழுக்கையாறு
மழைக்கு மட்டும் ஆறு,
மிச்ச நாளில் மாடு மேயும் பள்ளம்.

எனக்குப் பிடித்தது
தங்கச் சுரங்கப் பக்கம் பிறந்த சில்லு.
நடுவில் வரம்பு வைத்த இரட்டைக் கிண்ணங்கள்.
தாரை வரம்பில் பிளந்து
இரு பக்கமும் வளைந்து
வந்த திசைக்கே திரும்பும்.
தாரையின் பாதி வேகத்தில் சில்லு ஓடினால்
நீர் தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு
சும்மா கீழே விழும்,
கடனை அடைத்துவிட்டு வருபவரின் நடையில்.
லக்சபானவில் அப்படித்தான் சுற்றுகிறதாம்.
அங்கிருந்து வரும் கம்பி
எங்கேயோ அறுந்து கிடந்தது.

அந்தக் காலம் வீட்டுக்கு வீடு
சயிக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி,
டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள்.
கைக்குப் பதில் தண்ணீர் சுற்றட்டும் என்றோம்.
பிலேந்திரனின் சயிக்கிள் கடையில்
நெளிந்த பின்சில்லு ஒன்று கிடைத்தது.
கரண்டி பதினாறு:
வதனி வீட்டில் ஆறு, எங்கள் வீட்டில் ஏழு,
மூன்று எங்கிருந்து என்று அவள் சொல்லவில்லை.
வெல்டிங் ஏது?
இரண்டிரண்டாய் ஒட்டவைத்து, நடுவில் வரம்பு வர,
கம்பியால் இறுக்கிக் கட்டினோம்.

மொட்டைமாடித் தாங்கியில் ஆயிரம் லீற்றர்.
குழாயைத் திறந்ததும்
கரண்டிகள் மின்னின, சில்லு தயங்கியது,
பிறகு ஓடியது.
பூசணி விதையளவு பல்ப்
மஞ்சளாய், பிறகு வெள்ளையாய்.
பிலேந்திரன் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

இருபத்தாறு நிமிடம்.

தாங்கி வற்றியது.
அதை நிரப்பியது யார்?
நூறு வாளி, கிணற்றிலிருந்து மாடிவரை,
நாங்கள் இரண்டு பேரும், முதல்நாள் முழுக்க.
கணக்குப் போட்டேன்:
தாங்கியில் ஏற்றியது நாற்பத்தொன்பதாயிரம் யூல்.
வெளிச்சமாய்த் திரும்பியது ஐயாயிரத்துக்கும் குறைவு.
எங்கள் ஊரில் தண்ணீர் விழுவதில்லை.
சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி
யாருக்கும் சொல்லாமல் கடலுக்குப் போகும்.
மேலே வருவதென்றால் நாங்கள்தான் தூக்கவேண்டும்.
"அப்ப மலை எங்க இருக்கு தெரியுமோ?" என்று
வதனி தன் தோள்மூட்டைத் தடவிக் காட்டினாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில்
ஒரே இரவில் எல்லோரும் தெருவில் நின்றோம்.
சில்லு கிணற்றடியில்.
அடுத்த சித்திரையில் நான் திரும்பியபோது
சில்லு இருந்தது, டைனமோகூட இருந்தது.
கரண்டி ஒன்றும் இல்லை.
கம்பியை யாரும் வெட்டியிருக்கவில்லை.
முடிச்சு முடிச்சாய்ப் பொறுமையாக அவிழ்த்து,
சுருட்டி, ஆணியில் மாட்டியிருந்தார்கள்.
யாரோ, எத்தனை பேரோ,
அதில் கஞ்சி குடித்திருக்கிறார்கள்.

இப்போது கரண்ட் வருகிறது, பில்லும் வருகிறது.
வதனி கனடாவில்.
போன கிழமை நயாகராவிலிருந்து படம் அனுப்பினாள்,
பொலித்தீன் மழையங்கிக்குள்
முகம் மட்டும் தெரிகிறது.
கீழே ஒரு வரி: இங்க வாளி தேவையில்லையடி.

நான் பதில் எழுதினேன்:
அந்த மூன்று கரண்டியும் ஆற்றை?