நாற்பது நொடி

கிளாய்பெதா துறைமுகத்தில் பைலட் படகுகளுக்கான
பழைய கோடை எழுதியவன் எய்மன்தாஸ்.
இப்போது ராட்டர்டாமில் இருக்கிறான், நன்றாகவே.
அவன் விட்டுப்போனவை எண்பத்து மூன்று ஃபங்ஷன்கள்.
ஒவ்வொன்றும் கிளம்பும்போதே சொல்லும்:
முடிந்ததும் கூப்பிடுகிறேன்.

திறந்து பார்த்தால் படிக்கட்டு.

காற்றைக் கேள், வந்ததும்
    அலையைக் கேள், வந்ததும்
        ஆழத்தைக் கேள், வந்ததும்
            படகைக் கேள், வந்ததும்
                யார் யாரைக் கேட்டோம் என்பதே மறந்துபோகும்.

கடைசிப் படியில் மூடும் அடைப்புக்குறிகள்
தின்று முடித்த தட்டில் மீன்முள் போல.
எதை உருவினால் எது சரியும் என்று
ஸ்கைஸ்தேயும் நானும் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
இரண்டு பேருமே தோற்றிருக்கிறோம்.

ஆனாலும் அவனிடம் ஓர் ஒழுங்கு இருந்தது:
கூப்பிடும்போது முதலில் பிழை, பிறகுதான் பதில்.
கெட்ட செய்தியை முதலில் சொல்பவனை நம்பலாம்.
அந்த நம்பிக்கையில்தான்
அறுபது வரி லைப்ரரி ஒன்றை இறக்கினோம்.
பழைய ஃபங்ஷனை அதனிடம் கொடுத்தால்
பிராமிஸ் தருகிற ஃபங்ஷனாகத் திருப்பித் தரும்.
ஆள் அதே ஆள்.
போகும்போது கையில் ஒரு ரசீது கொடுத்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான்.
இரண்டு தடவை கூப்பிட்டாலும்
இரண்டாவதை யாரும் எடுப்பதில்லை.

எண்பத்திரண்டு மாறின.
அலையைக் கேட்பது மட்டும்
பதிலை முன்னால் வைத்துப் பிழையைப் பின்னால் வைத்திருந்தது.
லைப்ரரிக்கு என்ன தெரியும்,
ஒன்றேகால் மீட்டர் அலையை
பிழை என்று தூக்கி எறிந்தது.
அதை மட்டும் கையால் எழுதினோம், எய்மன்தாஸைத் திட்டிக்கொண்டே.

படிக்கட்டு தரையானது.
காற்று, பிறகு அலை, பிறகு ஆழம், பிறகு படகு.
கீழே எல்லாவற்றுக்கும் ஒரே வலை,
எது தவறினாலும் அதில் விழும்.
பிறகு? பிறகு? என்று ஸ்கைஸ்தே வாய்விட்டு வாசித்தாள்,
தூங்க மறுக்கும் தன் மகனைப் போல.

ஜனவரி. அதிகாலை நாலு பத்து.
வெளியே உரக்கப்பல் ஒன்று நங்கூரத்தில்.
கரையில் பைலட் விதேனிஸ், ஆரஞ்சு உடுப்பில்.
ஸ்கிரீனில் வட்டம் சுற்றுகிறது,
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
வடக்கு அலைதடுப்பின் முனையில்
காற்று சென்சார் பனியில் உறைந்துபோயிருந்தது.
பிழை என்றும் சொல்லவில்லை, பதிலும் சொல்லவில்லை.
கிணற்றில் போட்ட கல்.
வலை காலியாகக் கிடந்தது. விழுந்தால்தானே பிடிக்க?

கூப்பிடுகிறேன் என்றதை
வாக்கு என்று மாற்றிவிட்டோம்.
வாக்கைக் காப்பாற்ற வைப்பது
அந்த அறுபது வரிக்குள் இல்லை.

ஏழு வரி நானே சேர்த்தேன், விரல் விறைக்க:
காற்றையும் கடிகாரத்தையும் ஒன்றாக ஓடவிடு.
நாற்பது நொடியில் காற்று வராவிட்டால்
கடிகாரம் ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

ஸ்கிரீனில் வந்தது:
காற்று: தெரியவில்லை.

வயர்லெஸ்ஸில் விதேனிஸ் சிரித்தார்.
"தெரியவில்லை என்றாவது சொல்லித் தொலைத்ததே.
இவ்வளவு நேரம் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்."
பிறகு கொடிக்கம்பத்தைப் பார்த்திருப்பார்,
தடுப்புக்கு அப்பால் நுரையைப் பார்த்திருப்பார்.
இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.
"விடியட்டும்" என்றார்.

ஆறு இருபதுக்கு
யாரோ ஏணி வைத்து ஏறிப் பனியைத் தட்டினார்கள்.
நாலு பத்துக்குக் கேட்ட கேள்விக்கு
சென்சார் அப்போதுதான் கூப்பிட்டது:
வடமேற்கு, நொடிக்குப் பத்தொன்பது மீட்டர்.

முடிந்த பிராமிஸ் மறுபடி திறப்பதில்லை.
லாக்கில் ஒரு வரியாகக் கிடந்ததை
நான் மட்டும் வாசித்தேன்.
சரியான பதில்தான்.