கொதிநிலை

எங்களுக்கு ஒரே ஒரு வெப்பமானி.
நான்கு மேசை, முப்பத்தொரு பேர்,
வாய் உடைந்த பீக்கர், ஸ்பிரிட் விளக்கு.
எல் ஆல்ட்டோவில் ஒன்பதாம் வகுப்பு,
பிப்ரவரி, முதல் செய்முறை:
நீரின் கொதிநிலை காண்க.

காண்பதற்கு என்ன இருக்கிறது?
பக்கம் பதினேழில்
பெட்டி கட்டியே போட்டிருக்கிறார்கள், நூறு என்று.

தண்ணீர் முதலில் முணுமுணுத்தது.
அடியில் கடுகுகடுகாய்க் குமிழி.
பிறகு தளபுளவென்று
மேசையே நடுங்கக் கொதித்தது.
சிவப்புக் கோடு
எழுபது, எண்பது என்று ஏறிவந்து
எண்பத்தேழில் உட்கார்ந்துகொண்டது,
சுமை கூடிப்போன லாமா
நடுச்சாலையில் உட்காருமே, அப்படி.

லிம்பர் திரியை இழுத்துவிட்டான்.
தண்ணீர் பாதியானது.
கோடு அசையவில்லை.

'கெட்டுப்போன வெப்பமானி' என்றான்.
அடுத்த மேசைக்கும் அது கெட்டிருந்தது.
அதற்கடுத்த மேசைக்கும்.
இருப்பதே ஒன்றுதான் என்பதால்
அதில் யாருக்கும் வியப்பில்லை.

நான் நூறு என்று எழுதினேன்.
எல்லாரும் எழுதினோம்,
இரண்டு சுழியும் வட்டம் பிசகாமல்.

ரோக்சானா சோகே மட்டும் 87 என்று எழுதினாள்.
செவேரோ சார் அதன் பக்கத்தில்
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
தப்பு என்று அடிக்கவில்லை.
எங்கள் நூறுகளுக்கு
ஒன்றும் போடவில்லை.

அவள் வெப்பமானியைக் கேட்டு வாங்கினாள்.
காலுறையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்
விடியற்காலை வாளியில் உறைந்த பனிக்கட்டியை உடைத்து
உருகவிட்டு அதற்குள் வைத்தாள்.
பூச்சியம்.
'பூச்சியத்தில் பொய் சொல்லாதது
எண்பத்தேழில் மட்டும் சொல்லுமா?'
எனக்குப் பதில் தெரியவில்லை.
என்னை ஏன் கேட்கிறாள் என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை அவளோடு கீழே போனேன்,
அறிவியலுக்காக அல்ல,
கேபிள் கார் டிக்கெட் அவள் எடுப்பதாகச் சொன்னதால்.
மஞ்சள் தடம், பிறகு பச்சை.
செங்கல் வீடுகள் காலடியில் நழுவின.
காதுக்குள் ஏதோ பட்டென்று திறந்தது.
கலாகோட்டோவில் மரங்கள் இருக்கின்றன.
அங்கே யாரோ வீட்டுக்கு
அவள் அம்மா சமைக்கிறாள்.

கெட்டிலுக்குள் விட்டோம்.
எண்பத்தொன்பதைத் தாண்டி அரை.
ரோக்சானா கத்தியதில்
வீட்டுக்கார நாய் குரைத்தது.

அவள் அம்மா அவரைக்கொட்டை உரித்தபடியே சொன்னாள்:
'இங்கே சீக்கிரம் வெந்துவிடும்.
மேலே குக்கர் இல்லாவிட்டால்
சாயங்காலம் வரைக்கும் கல்லுதான்.
இதற்கு ஒரு கண்ணாடிக் குச்சியா?'

திரும்பி ஏறும்போது
கூண்டின் ஜன்னலில் மூச்சு விட்டு
ஆவியில் விரலால் வரைந்தாள்.
மேலே ஒரு புள்ளி. கீழே ஒரு புள்ளி.
நடுவில் எண்ணூறு மீட்டர்.
இரண்டையும் சேர்த்துக் கோட்டை நீட்டினாள்,
கீழே, இன்னும் கீழே.
கண்ணாடி தீர்ந்துபோய்
ரப்பர் விளிம்பில் விரல் முட்டி நின்றது.
கோடு ஒழுகத் தொடங்கியது.

மார்ச் இருபத்துமூன்று, கடல் தினம்.
போரில் பறிபோன கடற்கரைக்காக
வருஷா வருஷம் நடப்போம்.
வெள்ளைச் சட்டை, நீலக் காகிதப் படகு,
சுருதி சேராத டிரம்பெட்.
கடலைத் திருப்பிக் கொடு என்று
தொண்டை வற்றக் கத்துவோம்.
முப்பத்தொரு பேரில்
ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை.

ரோக்சானா என் வரிசையில்தான் நடந்தாள்.
கத்தவில்லை.
பேண்டு வாத்தியம் மூச்சு வாங்கிய இடைவெளியில்
என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:
'நூறும் அங்கேதான் இருக்கு.'

அன்று இரவு
செய்முறை நோட்டை எடுத்து, அழிப்பான் தேடி,
பக்கத்தைத் திறந்தேன்.
பேனாவில் எழுதியிருந்தேன்.